பன்னிரண்டாம் காலில் 5 வோல்ட்

புரசைவாக்கத்தில் சித்தப்பாவின் மளிகைக் கடைத் தராசுக்குப் பின்புறம் தகவல் அனுப்பும் பழைய வகைக் கம்பி இணைப்பான ஆர்எஸ்-232 பல வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. எடையை அதன் வழியாக இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகைக்குக் கொண்டுவரப் போன மாதம் இறங்கினேன்.

இரண்டின் மின்னழுத்தமும் வேறு என்பதால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும். அதற்காகக் கையிலிருந்த மேக்ஸ்232 சில்லுக்குப் பலகையின் 3.3 வோல்ட்டையே கொடுத்தேன். பத்து முறை எடை கேட்டால் மூன்று முறைதான் தராசு பதில் சொன்னது. நிரலைத் திருத்தியே இரண்டு இரவுகள் போயின. மல்டிமீட்டரை எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கேபிள் செருகாதபோது, தராசுக்குத் தகவல் போகும் பதினான்காம் காலில் (சில்லின் முனையில்) மைனஸ் 5 வோல்ட் இருந்தது. செருகியதும் மைனஸ் 2.7க்கு இறங்கியது. ஆர்எஸ்-232இல் பிளஸ் 3க்கும் மைனஸ் 3 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட எதற்கும் உறுதியான பொருள் கிடையாது. மேக்ஸ்232 உண்மையில் 5 வோல்ட்டுக்கான சில்லு. உள்ளே இருக்கும் மின்னூட்ட பம்பு அதை இரட்டித்துத்தான் ஏறக்குறைய 10 வோல்ட் ஆக்குகிறது.

சரி, 5 வோல்ட்டே கொடுத்தேன். தராசுக்குப் போகும் பக்கம் சீரானது. ஆனால் பலகைக்கு வரும் பன்னிரண்டாம் காலை அளந்தால் 4.9 வோல்ட்! இஎஸ்பி32இன் கால்களுக்கு உச்ச வரம்பே 3.6 வோல்ட். நல்லவேளை, அந்தக் கம்பியை இன்னும் செருகியிருக்கவில்லை. ஓய்வு நிலையில் அந்தக் கால் உயர்மட்டத்தில்தான் நிற்கும். ஆகவே ஒரு தகவலும் வராவிட்டாலும் பலகையின் மீது அதிக மின்னழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் மின்தடைகளை வைத்து அந்த மின்னழுத்தத்தைப் பிரித்தேன், 3.3 கிடைத்தது. எடையும் வந்தது.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், 3.3 வோல்ட்டிலேயே இயங்கும் மேக்ஸ்3232 வாங்கினேன். கூடவே 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர்கள் ஐந்து. கால் வரிசை இரண்டு சில்லுக்கும் ஒன்றேயாதலால் சாக்கெட்டில் மாற்றிச் செருகினாலே போதும். சாக்கெட்டைச் சுற்றி இருந்த பழைய 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டு, நான்கைப் பம்புக்கும் ஒன்றை மின்வழங்கலுக்கும் வைத்தேன். மின்தடைகளையும் எடுத்துவிட்டேன்.

இப்போது மின்வழங்கல் 3.3, பன்னிரண்டாம் காலில் 3.3, கேபிள் செருகிய நிலையில் பதினான்காம் காலில் மைனஸ் 5.4. நேற்று மாலை சித்தப்பா ஒரு கிலோ படிக்கல்லை வைத்தார். திரையில் 1.000 என்று வந்தது. எடுத்து எடுத்து இருபது முறை வைத்துப் பார்த்தார். இருபது முறையும் வந்தது.