கண் எங்கே போய் நிற்க வேண்டும்?

நிலக்காட்சிப் படங்களைப் பெரிய அளவில் பிரிண்ட் போடும் ஸ்டுடியோவில், அச்சுக்குப் போகும் முன் ஃபைல்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. நானும் படம் எடுப்பவன்தான். ஆனால் கம்போசிஷன் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, மற்றவர்கள் எடுத்த ரா ஃபைல்களோடு (கேமரா பதிவு செய்த, இன்னும் பதப்படுத்தாத ஃபைல்கள்) உட்கார்ந்து கற்றதுதான்.

ஃபோகஸ் போன படமோ, எக்ஸ்போஷர் தவறிய படமோ இப்போது அதிகம் வருவதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் கண் எங்கே போய் நிற்பது என்று தெரியாத படங்கள்தான் நிறைய வருகின்றன. மலை, ஏரி, மேகம், முன்னால் ஒரு பாறை, ஓரத்தில் ஒரு மரம். எடுத்தவருக்கு எல்லாமே பிடித்திருக்கிறது, எதையும் விட மனம் வரவில்லை. அப்புறம் என்னிடம் வந்து, "கொஞ்சம் பளிச்சுனு ஆக்கிக் கொடுங்க" என்பார். சேச்சுரேஷனை ஏற்றினால் பாறையும் ஏறும், மேகமும் ஏறும். முன்பு இருந்த குழப்பம் இப்போது இன்னும் அடர்த்தியான நிறத்தில் இருக்கும்.

சமீபத்தில் வந்த ஓர் ஏரிப் படத்தைச் சொல்கிறேன். முன்னால் மாலை வெயில் பட்ட பாறை, அருமையான வெளிச்சம். ஆனால் பாறையின் உச்சி எதிர்க்கரையின் கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டதால் நடுவில் இருந்த ஏரியின் அகலமே காணாமல் போய்விட்டது. ட்ரைபாடை ஒரு சாண் உயர்த்தியிருந்தால் பாறைக்கும் கரைக்கும் இடையே ஒரு கீற்றுத் தண்ணீர் தெரிந்திருக்கும். க்ராப் செய்தோ ஜூம் செய்தோ அந்தக் கீற்றைக் கொண்டுவர முடியாது. கேமரா நிற்கும் இடமும் உயரமும் மாறினால்தான் பொருள்களுக்கு இடையே உள்ள உறவு மாறும். ஃப்ரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதைவிட, ஷட்டரை அழுத்தும் முன் ஃப்ரேமின் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பது எவ்வளவோ பயன்படும் என்பது என் கருத்து.

அந்தப் படத்தில் பாறைதான் முக்கியம் என்று முடிவு செய்தேன். வலது மேல் மூலையில் இருந்த வெள்ளை மேகத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகப் பிரித்து, அதன் வெளிச்சத்தை அரை ஸ்டாப் இறக்கினேன் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்). பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே, மேகம்தானே அழகா இருக்கு, அதை ஏன் இறக்குறீங்க?" என்று கேட்டான். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினேன். கண் நேராக அந்த மூலைக்குத்தான் ஓடியது. வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941 நவம்பர் 1 அன்று நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலாப் படத்தை இதற்காகவே எடுத்துக் காட்டுவேன். அவசரத்தில் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்ததால், அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்கிட்டார். பின்னாளில் போட்ட பிரிண்ட்களில் வானத்தைக் கிட்டத்தட்ட கறுப்பாக்கினார். நிலாவும் கல்லறைச் சிலுவைகளும்தான் படம் என்ற முடிவு அந்த மாலையிலேயே எடுத்தது. அந்த முடிவைத்தான் டார்க்ரூம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் முழுமையாக்கிக்கொண்டே இருந்தது.

எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடர் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. தூரத்து மலைகள் வெளிறித் தெரியக் காரணம், நடுவில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பது. அந்த வெளிறல்தான் நம் கண்ணுக்குத் தூரத்தைச் சொல்கிறது. படம் முழுக்க டீஹேஸை இழுத்தால் கடைசி மலை முதல் மலையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். முன்புறத்துக்கு மட்டும் கொஞ்சம் போட்டு, பின்னால் உள்ள அடுக்குகளை அப்படியே விட்டுப் பாருங்கள். அந்தி நிழலில் இருக்கும் நீலமும் இதே மாதிரிதான். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் அதை முழுக்கத் துடைத்துவிட்டால் வெயில் பட்ட இடத்தின் சூடும் கூடவே போய்விடும்.

எடுக்கும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. அதனால் நிழலில் இருந்து நிறையவே மீட்கலாம். விவரமே இல்லாமல் எரிந்துபோன ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியை, அப்படி மீட்க முடியாது. சூரிய அஸ்தமனத்தில் முதலில் எரிவது பெரும்பாலும் சிவப்பு சேனல். படத்தில் இருட்டு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்தான் ஹிஸ்டோகிராம்; ஒளிர்வை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமில் அது தெரியாமல் போகலாம். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து பாருங்கள்.

கடைசியில் வருவது மானிட்டர். மானிட்டரின் பிரகாசத்தை முழுதாக வைத்து எடிட் செய்த படம் காகிதத்தில் இருட்டாகத்தான் வரும். நான் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலாவுக்குள் வைத்துக்கொள்கிறேன். பிரிண்ட் எந்தச் சுவரில் மாட்டப்படும், அங்கே என்ன வெளிச்சம் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவேன். மங்கலான நடைபாதை என்றால் நிழல்களை ஒரு படி தூக்கி, முதலில் ஒரு துண்டு மட்டும் அச்சடித்து, அதே மாதிரி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே முழுப் படத்தையும் மெஷினுக்கு அனுப்புவேன்.