சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள்

கேரளாவில் 2023 ஜூனில் ஏஐ கேமரா அபராதம் தொடங்கியதில் இருந்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெல்ட் போடாமல் கிளம்புவது குறைந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் கேமராவுக்குத் தெரிவது குறுக்கே கிடக்கும் பட்டை மட்டும்தான். அடிபடும்போது அது தாங்குமா என்று நாம்தான் பார்க்கணும்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியபோது இன்ஜின், டயர், பேட்டரி எல்லாம் மெக்கானிக் பார்த்தார். பெல்ட்டை நான் பார்த்தேன். டிரைவர் பக்கம் கடைசி வரைக்கும் இழுத்து வெயிலில் பிடித்தால், கதவில் சிக்குகிற இடத்தில் ஓரம் நைந்து நூல் பிரிந்திருக்கிறது. பாதி இழுத்திருந்தால் கண்ணிலேயே படாது. விட்டால் சுருளவும் இல்லை. மற்ற பெல்ட்டெல்லாம் வெடுக்கென்று இழுத்ததும் பிடித்துக்கொண்டன, சரி.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் "தைச்சுக்கலாமுங்க, இல்லைன்னா பழசு ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார்கள். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு விபத்தில் ஆளைத் தாங்கிய பெல்ட் உள்ளுக்குள் இழுபட்டிருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். பழைய இரும்புக் கடையில் கிடப்பது எந்த வண்டியில் இருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? சேசிஸ் நம்பர் கொடுத்து கோயம்புத்தூரில் கம்பெனி பார்ட்டே ஆர்டர் போட்டேன்.

மாட்டும்போது தெரிந்த மெக்கானிக் அண்ணன் கூட இருந்தார். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், ஏனென்றால் மோதும்போது பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனருக்குள் சின்ன வெடிமருந்து இருக்கிறது, அந்த ஒயரில் மீட்டர் வைத்தும் பார்க்கக் கூடாது. அப்புறம் புதுப் பெல்ட்டைக் கையில் வைத்து இழுத்தால் ஒரு அங்குலம்கூட வரவில்லை! "சாய்க்காதீங்க, வண்டியில நிக்கிற மாதிரி நேராப் புடிங்க" என்றார், சரசரவென்று வந்தது. வண்டி கவிழ்ந்தால் பூட்டிக்கொள்வதற்காக உள்ளே கோலி மாதிரி உருளுகிற ஒரு குண்டு இருக்கிறதாம். இது தெரியாமல் பார்ட் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு என்றார். போல்ட்டைக் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, டார்க் ரெஞ்ச்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு முறுக்கினோம். பேட்டரியைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் பண்ணியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது, ஒயரில் கோளாறு இல்லை என்று அர்த்தம்.

பின் சீட் பக்கிள்கள் மெத்தைக்கு அடியில் புதைந்து கிடந்தன. எடுத்து வெளியே விட்டதில் இருந்து அம்மாவும் போட்டுக்கொள்கிறார். இடது பெல்ட் மந்தமாகச் சுருண்டது வெறும் அழுக்கால்தான், சோப்புத் தண்ணீரில் துடைத்து, இழுத்தபடியே காயவிட்டதும் சரியாகிவிட்டது. ப்ளீச் மட்டும் போடாதீர்கள், நூலை அரித்துவிடும்.