ஓட்டு வீட்டுக்கு ஏற்ற தலைவாசல் கதவு

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் கதவை மட்டும் எட்டடி உயரத்தில் கேட்கிறார்கள். வேண்டாம். கூரை தாழ இறங்கும் வீட்டில் நிலையின் வெளியளவு ஏழடிக்கு மூன்றரை அடி போதும். இரட்டைக் கதவுதான் அழகு. செதுக்கு வேலை நிலையின் மேல்கட்டையோடு நிற்கட்டும். தக்கலை போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையில் எங்கே செதுக்கியிருக்கிறார்கள், எங்கே வெறும் பலகையாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆசாரியிடம் பேசுங்கள்.

தேக்கேதான் வேண்டும் என்றில்லை. நம்மூர் அயனியும் பலாவும் அருமையான மரங்கள். வைரம், அதாவது மரத்தின் உறுதியான நடுப்பகுதி மட்டும் எடுங்கள். வெள்ளை ஓரம் கலந்தால் வண்டு துளைக்கும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து போகப் போகச் செம்பழுப்பாகும். அதைத் தேக்குபோலக் காட்டச் சாயம் பூசுவது பாவம்.

நிலைக்கான மரக் கணக்கு: கால் இரண்டும் ஏழடி, மேலும் கீழும் மூன்றரை அடி, ஆக 21 அடி ஓட்டம். 5×3 அங்குலக் கட்டைக்கு ஏறக்குறைய 2.2 கன அடி, 6×4 என்றால் 3.5. அறுப்பு, இழைப்புச் சேதாரம் தனி.

இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. அதனால்தான் கதவு உப்பி நிலையில் இறுகிப் பிடிக்கிறது. மரம் நீளவாட்டில் அசையாது, அகலவாட்டில்தான் உப்பும், சுருங்கும். ஆகவே நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசை போடாமல் விட்டு, இருபக்கமும் 2, 3 மில்லிமீட்டர் இடம் கொடுக்கச் சொல்லுங்கள். பசை போட்டு இறுக்கினால் உலரும்போது பலகை நடுவே வெடிக்கும். மாசி, பங்குனியில் செய்த கதவுக்கு நிலையிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், ஆனியில் உப்பும். மழைக்காலத்தில் செய்ததற்கு அவ்வளவு தேவையில்லை, அது வெயிலில் சுருங்கிவிடும்.

குளச்சல், முட்டம்போலக் கடலோரமென்றால் பித்தளைக் கீல்தான், திருகாணியும் பித்தளையே. இரும்புத் திருகாணி போட்டால் உப்புக்காற்றில் அதுதான் முதலில் அரித்துப்போகும். பித்தளை மெத்தென்றது, நேரடியாகத் திருகினால் தலை முறியும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கிய பிறகு இதை மாட்டுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற வீடுகளில் ஒவ்வொரு கதவுக்கும் நான்கு கீல் வையுங்கள், திறந்த நிலையில் நிறுத்தச் சுவரில் கொக்கியும் வேண்டும்.

வார்னிஷ் அடிக்கும்போது கதவின் அடிவிளிம்பை விட்டுவிடுகிறார்கள். சாரல் நீர் ஏறி ஊறுவது அங்கிருந்துதான். மாட்டுவதற்கு முன்பே மேல், கீழ் விளிம்புகளுக்கு இரண்டு கோட் அடித்துவிடுங்கள். மாட்டிய பின் பிரஷ் நுழையாது.