நெற்றிப்பொட்டு உயரத்தில் ஒரு கம்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு என்று சேர்த்துவிட்ட சிலம்ப வகுப்பைப் பையன் விடமாட்டேன் என்கிறான். சரி, சனி ஞாயிறு காலை மட்டும் என்று பேசி முடித்தாயிற்று. தெப்பக்குளத்துக்குப் பக்கத்து மைதானம், ஆறு மணி. இரண்டு மாதமாக நான் அங்கே ஒரு திண்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு வாத்தியார் கிட்டே வந்து, "ஏம்மா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வந்து நில்லுங்களேன்" என்றார். எனக்கு 41 வயது, முட்டியை மடக்கினால் சத்தம் கேட்கும் என்றேன். "எனக்கும்தான் கேக்குது" என்றார். அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்கிறார்கள், பெரியவர்கள் வாத்தியார்.

போய் நின்றேன். கம்பு தருவார் என்று பார்த்தால், கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மணி நேரம் கால் மட்டும்தான்.

ஜூன் 15, சனி

காலடி. சுண்ணாம்புத் தூளால் தரையில் முக்கோணம் போட்டு ஒரு முனையில் நிற்க வைக்கிறார். எதிரே ஒருவன் கம்பை ஓங்கி வந்தால் நாம் என்ன செய்வோம்? நேராகப் பின்னால் போவோம். அதுதான் கூடாதாம். பின்னால் போகிற காலைவிட முன்னால் வருகிற காலுக்கு வேகம் அதிகம். கம்பின் நீளமும் அவன் பக்கம் சேர்ந்துகொள்ளும். ஆகவே சாய்வாக, முக்கோணத்தின் அடுத்த முனைக்கு. அவன் அடி நம் தோளுக்குப் பக்கத்தில் காற்றில் விழும். அவன் விலா நமக்குத் திறந்து கிடக்கும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. என் கால் பின்னாலேயே போகிறது. ஆபீசில் யாராவது குரலை உயர்த்தினால் ஒரு எட்டு பின்னால் வைத்துப் பதினெட்டு வருடம் பழகிய கால். (இந்த வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

மொத்தம் பதினாறு காலடி என்பது வாத்தியார் கணக்கு. நாலு ஒழுங்காக வந்தால் போதும், மற்றதெல்லாம் அந்த நாலுக்குப் பிறந்த பிள்ளைகள் என்கிறார்.

ஜூன் 16, ஞாயிறு

தொடை வலி. மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினேன், நண்டு மாதிரி.

ஜூன் 23, ஞாயிறு

கம்பு வந்தது. தரையில் ஊன்றினால் நெற்றிப்பொட்டு வரை இருக்க வேண்டும். எனக்கு ஐந்து அடிக்கு ஒரு விரல் குறைவாக ஒன்றை அறுத்துக் கொடுத்தார். மூங்கில் இல்லை, பிரம்பு. மூங்கில் என்றால் உள்ளே கூடில்லாத கெட்டி மூங்கில்தான் சிலம்பத்துக்கு ஆகும். கூடு உள்ளது நாலு அடி மோதினால் பிளந்து சிலாம்பு ஏறும். பிரம்பு வளைந்து கொடுக்கும், நார் நாராக உரியுமே தவிரப் பிளக்காது. ஆனால் வீட்டு மூலையில் சாய்த்து வைத்தால் வில்லாகிவிடும், படுக்கப் போட வேண்டும். கோணியதை வாத்தியார் நெருப்பில் காட்டி, முழங்காலில் கொடுத்து நிமிர்த்துகிறார். கண்ணை ஒடுக்கி அதன் நீளவாட்டில் பார்க்கும்போது தச்சர் மாதிரி இருக்கிறார்.

டவுன் பஸ்ஸில் கொண்டுவந்ததுதான் கூத்து. எங்கே வைத்தாலும் யார் மீதாவது இடிக்கிறது. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, கம்புக்கு லக்கேஜ் போடவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தற்காப்பு அன்றைக்கே பலித்துவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

ஆபீசில் "பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி". மதியம் இரண்டு மணி நேரம், கூட்ட அறையில், நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு. வந்தவர் பன்னிரண்டு உத்தி காட்டினார். கண்ணில் குத்து, தொண்டையில் இடி, கவட்டியில் உதை, பின்னால் இருந்து கட்டிப்பிடித்தால் குதிகாலால் மிதி. எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தோம், குரூப் போட்டோ எடுத்தோம். சாயந்தரம் பஸ் ஸ்டாப்பில் உடன் வேலை செய்பவளிடம், "அந்த அஞ்சாவது என்னடி?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

உத்திகள் தப்பில்லை. நூறு தடவை செய்து உடம்புக்குள் இறங்காத உத்தி, பயம் வரும் நேரத்தில் கைக்கு வராது. பன்னிரண்டுக்குப் பதில் ஒன்றை எடுத்து இரண்டு மணி நேரமும் அதையே செய்ய வைத்திருக்கலாம். பின்னூட்டப் படிவத்தில் இதை எழுதினேன். பெயரும் எழுதினேன், அது வேண்டாத வேலை.

ஜூலை 6, சனி

வீச்சு ஆரம்பம். கம்பில் மூன்றில் ஒரு பங்கு விட்டு ஒற்றைக் கையால் பிடித்து, உடம்பின் வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம், எட்டு போடுவது மாதிரி. இறுக்கிப் பிடித்தால் சுற்றாது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்க, மற்ற மூன்றும் திறந்து மூட வேண்டும். மணிக்கட்டுதான் கீல்.

இன்றைய கணக்கு: முழங்கை எலும்பில் இரண்டு, காதில் ஒன்று, முன்னங்காலில் எண்ணவில்லை. எல்லாம் என் கம்பு எனக்கே கொடுத்தது. பக்கத்தில் ஏழு வயசுப் பொடியன் ஒருவன் பார்வையைக்கூடத் திருப்பாமல் பங்கா மாதிரி சுற்றிக்கொண்டிருந்தான்.

ஜூலை 8, திங்கள்

ஹாலில் டியூப் லைட் போச்சு. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

பெரியப்பா மகன் வந்திருந்தார், வக்கீல். அண்ணனிடம் வம்புக்காகக் கேட்டேன்: எவனாவது செயினைப் பிடித்து இழுத்தால் கம்பால் மண்டையைப் பிளக்கலாமா? இந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழையதில் தற்காப்பு உரிமை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது, இப்போது 34 முதல் 44 வரை. எண்தான் மாறியிருக்கிறது, சாரம் பெரும்பாலும் அதேதான் என்றார்.

"உன் உடம்பை மட்டுமில்ல, அடுத்தவங்க உடம்பையும் காப்பாத்த உனக்கு உரிமை இருக்கு, பொருளுக்கும் இருக்கு. ஆனா தேவைக்கு மேல ஒரு அடி விழக்கூடாது. அவன் கம்பைப் போட்டுட்டு ஓடுறான், நீ துரத்திப் போய் அடிக்கிற, அது தற்காப்பு இல்ல தாயி, அப்ப நீதான் குற்றவாளி."

அந்த ஓரடியை எப்படி அளப்பது என்று கேட்டேன். அந்த நேரத்து பயத்தைக் கோர்ட்டு கணக்கில் எடுக்கும், தராசு வைத்து நிறுக்காது என்றார். அப்புறம் எழுந்து போய் என் கம்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். கை வழுக்கி, மீன் தொட்டி தப்பியது பூர்வ ஜென்மப் புண்ணியம்.

ஜூலை 20, சனி

கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு இதெல்லாம் செய்யாமல் இருக்க முடியாது. பையனை போனில் வீடியோ எடுக்கச் சொல்லி மெதுவாக ஓட்டி எண்ணினேன். பத்து விநாடியில் நான் 14 சுற்று, வாத்தியார் 27. பிடியிலிருந்து முனை வரை ஒரு மீட்டர் என்று வைத்தால் என் கம்பின் நுனி மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர், அவருடையது 61. என் ஸ்கூட்டி அந்த வேகத்தைப் பார்த்ததே இல்லை.

வாத்தியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சுத்துறப்ப வேகம் சரி, சுத்துறதை அடியா மாத்துறப்ப எவ்வளவு வருது?" என்றார். அந்த வீடியோ என்னிடம் இல்லை. ஏனென்றால் எனக்கு அது இன்னும் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மணிக்கட்டு வீங்கிவிட்டது. பத்து நாள் ஓய்வு என்றார் டாக்டர். எதனால் என்று கேட்டவரிடம் கோலம் போட்டதில் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கை இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே என்று வாத்தியார் மறுபடியும் முக்கோணத்தில் விட்டுவிட்டார்.

திண்டில் உட்காரும் பெற்றோரிடம் இன்று கொஞ்சம் பேச்சு. பாதிப் பேர் சான்றிதழுக்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள். அரசு வேலையில் விளையாட்டுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறதே. ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்த பிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டதாம். வாத்தியாருக்கு இதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். "எதுக்காக வந்தா என்னம்மா, வந்து நின்னா கால் பழகும்ல" என்கிறார். எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. நான் எதற்காக நிற்கிறேன் என்று என்னைக் கேட்டாலும் பதில் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆடி கடைசி ஞாயிறு. பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் முளைப்பாரி ஊர்வலம், முன்னால் நம் வகுப்புப் பிள்ளைகள். ரெட்டைக்கம்பு, தீப்பந்தம், சுருள்வாள். தப்பு அடிக்க அடிக்கப் பிள்ளைகள் ஆகாயத்துக்கு எழும்பிச் சுற்றினார்கள். என் பையன் ஒரு தடவை கம்பை நழுவவிட்டான், காலாலேயே தட்டி எடுத்துத் தொடர்ந்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால்.

அலங்கார வீச்சு வேறு, போர்ச் சிலம்பம் வேறு என்று வாத்தியார் அடிக்கடி சொல்வது அன்றைக்குத்தான் உறைத்தது. பார்க்க அவ்வளவு அழகான சுற்றில் பாதி, எதிரே ஆள் இருந்தால் வேலைக்காகாது. முதுகைத் திருப்பிச் சுற்றும்போது எவன் காத்திருப்பான்? அதற்காக அது வெறும் வேடிக்கை என்று சொல்லவும் மாட்டேன். கம்பு கையோடு ஒட்டுவது அந்தச் சுற்றில்தான்.

கூட்டத்தில் ஒருவர் குடித்துவிட்டுக் கம்பைப் பிடுங்கி, "நானும் சுத்துவேன்" என்று இறங்கினார். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். வாத்தியார் அவர் கையை மெல்லப் பிடித்து, தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போய்விட்டார். இன்று நான் பார்த்த சிறந்த காலடி அது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கம்பு இல்லாத நாள். ஒருவன் மணிக்கட்டைப் பிடித்தால்? நான் இழுத்தேன். எல்லாரும் இழுப்போம், பலம் உள்ளவன் ஜெயிப்பான். பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் மட்டும் ஒரு பக்கம். பிடியின் வாசல் அதுதான். நம் மணிக்கட்டைத் திருப்பி, அதன் ஒடுங்கிய பக்கத்தை அந்த வாசலுக்குக் கொண்டுவந்து, முழங்கையை அவன் பக்கம் மடக்கினால் வெளியே வந்துவிடுகிறது. கையை நம் பக்கம் இழுக்காமல் முழங்கையை அவனிடம் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரரை விட்டுப் பிடிக்கச் சொல்லி இன்று மட்டும் அறுபது தடவை. அறுபதாவதில் அவர் டீ கேட்டார்.

"வெளியே வந்த பிறகு அடுத்த அடி என்னங்கய்யா?" என்று வகுப்பில் கேட்டிருந்தேன். "ஓடுங்க" என்றார்.

சிலம்பத்தோடு பழகும் ஆயுதங்களில் ஒன்று மான்கொம்பு, இரண்டு கொம்புகளைச் சேர்த்துக் கட்டியது. ஒரு பையன் அதைத் தொட்டுப் பார்த்து இது நிஜ மானா என்றான். இரும்புதான், முன்பெல்லாம் வெளிமான் கொம்பிலேயே செய்வார்கள். இப்போது வெளிமான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு, அதன் கொம்பை வைத்திருந்தால் சிறைதான். "மானும் பிழைச்சுச்சு, நானும் பிழைச்சேன்" என்றார் வாத்தியார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தொடுமுறை. இரண்டு முனையிலும் துணி சுற்றி, சுண்ணாம்புத் தூளில் தோய்த்து எதிரெதிரே நிற்க வேண்டும். உடம்பில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் எதிராளிக்குக் கணக்கு. எனக்கு எதிரே எட்டாம் வகுப்புப் பெண், என் தோள் உயரம்கூட இல்லை. வணக்கம் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, மெதுவா பண்ணவா?" என்றாள். வேண்டாம் என்று வாயைக் கொடுத்தேன்.

மூன்று நிமிடத்தில் ஒன்பது பொட்டு. எதிரே கம்பு அசைந்ததும் இரண்டு மாதம் சுற்றியதெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் கம்பு முனையையே பார்த்தேன், அதுதான் தப்பாம். முனை பொய் சொல்லும், தோள் சொல்லாது. முக்கியமாக, ஒன்பது தடவையும் நேராகப் பின்னால் போயிருக்கிறேன். மண்ணில் என் குதிகால் கோடு ரயில் தண்டவாளம் மாதிரி கிடந்தது. வாத்தியார் எதுவும் சொல்லாமல் காலால் அதைக் காட்டிவிட்டுப் போனார்.

வெள்ளைப் பொட்டுகளோடு வீட்டுக்கு வந்தேன். "வெள்ளையடிக்கப் போனியா?" என்று கேட்டார் மாமியார். ஜூலைக்குப் பிறகு கம்பு விஷயமாக அவர் பேசும் முதல் வார்த்தை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி, வயிறு நிறையக் கொழுக்கட்டை. அதே பெண், அதே மூன்று நிமிடம். 11 பொட்டு வாங்கினேன், போன வாரத்தைவிட இரண்டு கூட.

எட்டாவதோ ஒன்பதாவதோ வாங்கிய பிறகு அவள் தோள் வலப்பக்கம் இறங்கியது கண்ணில் பட்டது. கால் தானாக சாய்வாகப் போய்விட்டது. நான் போகவில்லை, கால் போனது. கம்பு என் காதோரம் விர்ரென்று போனது. கையை நீட்டினேன், அவ்வளவுதான். அவளுடைய நீலச் சட்டையில், விலாவுக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசளவு வெள்ளை.

முடிந்ததும் அவளிடம் போய், "எனக்காக விட்டுக்கொடுத்தியா?" என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "இல்ல ஆன்ட்டி" என்று அந்தப் பொட்டைத் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.