லைன் வீட்டுக்காரர்களுக்கு ஒரு துண்டறிக்கை

திருப்பூரில் ஏராளமான குடும்பங்களுக்கு வாழ்க்கை ஓரிடம், ஓட்டு வேறிடம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை லைன் வீட்டில் பல வருஷம் ஓடியிருக்கும். பிள்ளைகளும் இங்கேயே பள்ளிக்கூடம் போகும். வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் சொந்த ஊரில் இருக்கும். வாக்குப்பதிவு நாளில் பஸ் ஏறிப் போக முடிந்தால் ஓட்டு, இல்லையென்றால் இல்லை. இவர்களுக்காக முகவரி மாற்றம் பற்றி ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதும் பொறுப்பு, தேர்தல் விழிப்புணர்வுப் பணிக்கு அனுப்பப்பட்ட தமிழாசிரியனான எனக்கு வந்தது.

இந்த வேலையில் முதலில் கைக்குக் கிடைப்பது படிவங்கள்தான். புதிதாகப் பெயர் சேர்க்க 6, நீக்க 7. முகவரி மாற்றம், பிழைத்திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை, எல்லாவற்றுக்கும் 8. 2022 ஆகஸ்டுக்கு முன்னால் வேறு தொகுதிக்குக் குடிபோனால் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் அதையே நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதனால் 8 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் அதிலிருந்தே அறிக்கையைத் தொடங்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. எழுதுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையில் லைன் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன்.

எந்தப் படிவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் தைக்கும் ஒரு அக்கா கேட்டது இது: "ஊர்ல எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு சார். ஓட்டை இங்க மாத்திட்டா அந்த வீட்டுக்கோ ரேஷன் கார்டுக்கோ ஏதாவது ஆயிருமா?" ஆகாது. பட்டாவும் ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலோடு சேர்ந்தவை அல்ல. ஊரில் வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவர் அங்கே வாக்காளராகிவிட முடியாது என்றுதான் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். அந்த அக்காவின் கேள்வியையும் பதிலையுமே அறிக்கையின் முதல் வரிகளாக வைத்தேன்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களின் பயம் வேறு. "ஏனுங் வாத்தியாரே, என்ற வீட்டு அட்ரஸ்ல ஓட்டு வாங்கிட்டாங்கன்னா, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னா போவாங்களா?" என்றார் ஒருவர். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் வீட்டின்மேல் யாருக்கும் உரிமை வந்துவிடாது என்று அவருக்காகவும் ஒரு வரி சேர்த்தேன். குடியிருப்பவர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும், வீட்டுக்காரர் முகம் சுளித்தால் விண்ணப்பம் போகாது.

மிகவும் நேரம் எடுத்தது முகவரிச் சான்றுப் பகுதி. படிவத்தில் உள்ள பட்டியலில் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. லைன் வீட்டில் அது யாரிடம் இருக்கும்? கரண்ட் பில்லும் வீட்டுக்காரர் பெயரில்தான். ஆகவே இவர்கள் கையில் இருக்கக்கூடியவற்றை முன்னால் கொண்டுவந்தேன்: புது முகவரி உள்ள ஆதார், வங்கி அல்லது தபால் அலுவலகப் பாஸ்புக், ஒரு வருஷமாவது ஆன கேஸ் இணைப்பின் பில். இவை எதுவுமே இல்லாவிட்டாலும் வேறு சான்றைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம், நேரில் வந்து விசாரிப்பார்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். கையில் காகிதம் இல்லை என்று வாசலோடு திரும்பிவிடுகிறவர்கள் நிறைய.

பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம் வேண்டும் என்றார் சரிபார்த்த அலுவலர். அவர் சொன்னது நியாயம். ஆனால் அதை உச்சியில் வைத்தால் உண்மையாகக் குடியிருக்கிறவர்தான் முதலில் பயப்படுவார் என்றேன். பேசிப் பேசி, கடைசியில் வைப்பது, எழுத்தைச் சிறிதாக்காமல் வைப்பது என்று முடிவானது.

படத்திலும் கவனம் வேண்டும். ஓவியர் அழகாக ஒரு வீடு வரைந்து பின்னால் சூரியன் உதிப்பதுபோல் போட்டிருந்தார். சூரியன், இலை, கை, தாமரை என்று எல்லாமே ஏதாவது ஒரு கட்சியின் சின்னம். வீட்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அச்சுக்குப் போகுமுன் தையல்காரருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, படித்த பிறகு என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். படிவம், ஆதார் நகல் எல்லாம் சரியாகச் சொன்னாள். "யாருகிட்ட கொடுக்கணும்னு இருக்கு சார். அவங்க எங்க இருப்பாங்க?" என்றாள். விண்ணப்பத்தை வாங்கும் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வாக்குச்சாவடிக்கு வாக்குச்சாவடி வேறு என்பதால் பெயரை அச்சிட முடியாது. எனவே அடியில் ஒரு கட்டம் விட்டு, அந்தந்தத் தெருவின் பி.எல்.ஓ. பெயரையும் போன் நம்பரையும் பேனாவால் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். பக்கத்தில் 1950 என்ற உதவி எண். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் எதையும் மாற்ற முடியாது என்பதையும் அங்கேயே சேர்த்தோம்.

இப்போது வாக்களிக்கும் முறை பற்றிய அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஈரோடு கிழக்கில் 2023 இடைத்தேர்தலுக்கு 77 பேர் நின்றார்கள். ஒரு இயந்திரத்தில் 16 பெயர்தான் பிடிக்கும், நோட்டாவும் ஒரு இடம் எடுத்துக்கொள்ளும் என்பதால் வரிசையாக ஐந்து இயந்திரம் வைத்தார்கள். இதிலும் எனக்குக் கிடைத்த கேள்விதான் முதல் வரி: "அஞ்சு மெஷின் இருந்தா அஞ்சு பட்டன் அழுத்தணுமா?" அதற்குக் கீழே: எத்தனை மெஷின் இருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு, ஒரே பட்டன்.