வடிகட்டிக்குப் பத்து நாள், அறிக்கைக்கு மூன்று மாதம்

மேற்கு வங்கம் நதியா மாவட்டத்தில், ஒரு கிராமப் பள்ளியின் அடிபம்புத் தண்ணீரிலிருந்து ஆர்சனிக் என்ற நஞ்சை நீக்க வடிகட்டி கட்டிக் கொடுத்தோம். கட்டியது பத்தே நாளில். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைக்காக அலைந்ததுதான் மூன்று மாதம்.

முதல் தப்பு என்னுடையது. காலி மினரல் வாட்டர் பாட்டிலைக் கழுவி, பம்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கொல்கத்தாவில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்குப் போக சியால்தாவுக்கு ரயில் ஏறினேன். ஒரு முழு நாள் போனது. இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது: லிட்டருக்கு 9 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 10. "தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, வடிகட்டி எதற்கு?" என்று பள்ளிக் குழுவில் கேட்டுவிட்டார்கள். ஆனால் அங்கே மதிய உணவு சமைக்கும் காக்கிமாவின் (வங்காளத்தில் சித்தி) உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு; கழுத்தில் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். இரண்டும் ஆர்சனிக் நஞ்சின் அடையாளங்கள். அந்த 9-ஐ எப்படி நம்புவது?

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் இரும்பும் நிறைய. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகப் படியும், ஆர்சனிக்கையும் சேர்த்து அடியில் இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்ததைச் சோதித்தால் எண் குறையத்தான் செய்யும். இரும்பு படியாமல் இருக்க, தண்ணீர் பிடித்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 2-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். முதல் தடவை பரிசோதனைக்கூடத்தின் கவுன்ட்டரில் இருந்தவர் பாட்டிலின் அடியில் செம்பழுப்பு வண்டலைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த தடவை அமிலத்தோடு போனேன். பஞ்சாயத்து முத்திரை வைத்த கடிதம் எங்கே என்றார் அதே கவுன்ட்டர்க்காரர். "போன முறை கடிதம் இல்லாமல் நீங்கள்தானே வாங்கினீர்கள், தாதா?" என்றேன் (தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்). "இப்போது விதி மாறிவிட்டது." திரும்பி வந்தேன். கடிதம் கிடைக்கவே மூன்று வாரம். அதோடு மூன்றாவது பயணம். முடிவு 142.

அதற்கப்புறம் குழுவில் யாரும் பேசவில்லை.

வடிகட்டிக்குள் போட வேண்டிய கல்லுக்குப் பிரச்சினையே இல்லை. பாங்குராப் பக்கம் மண்ணே சிவப்பு. புதுக்கோட்டைக்காரர்களுக்குப் பழக்கமான செம்பூராங்கல்தான், லேட்டரைட். அதில் இருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஆர்சனிக்கைப் பிடித்துவைக்கும். உடைத்து, சலித்து, சிவப்புச் சாயம் போகும்வரை அலசினோம். கரக்பூர் ஐஐடியில் இந்தக் கல்லை அமிலத்திலும் காரத்திலும் பதப்படுத்திப் பிடிக்கும் திறனைக் கூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் எங்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை; கல்லை அதிகமாகப் போட்டுக்கொண்டோம்.

கல்லுக்கு முன்னால் மணல் தொட்டியைத் தாராளமாக வையுங்கள். நாங்கள் சிக்கனம் பிடித்ததில், இரண்டாவது வாரமே துரு அடைத்துத் தண்ணீர் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. மொத்தத்தையும் பிரித்துக் கழுவினோம். இன்னொன்று, நிலத்தடியில் ஆர்சனிக் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருப்பதால் கல்லில் சரியாக ஒட்டாது. மேல்தொட்டியில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒட்டும் வடிவுக்கு மாறும். காய்ச்சினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்சனிக்கின் செறிவு ஏறும். தாள் மஞ்சளாகிப் பழுப்பாகும் சோதனை கிட் வாரா வாரம் பார்க்க உதவும். ஆனால் வெட்டவெளியில் செய்யுங்கள், அதில் வருவது விஷ வாயு. ஓய்ந்துபோன கல்லைக் குளத்தில் கொட்டிவிடாதீர்கள். நாங்கள் கான்கிரீட்டில் கலந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

வடிகட்டிய தண்ணீரோடு நான்காவது தடவை போனபோது அதே தாதா. பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "அமிலம் விட்டீர்களா?" என்று கேட்டார்! முடிவு 4 மைக்ரோகிராம். அறிக்கையில் பள்ளியின் பெயரைத்தான் தப்பாக அடித்திருந்தார்கள். திருத்தி வாங்க நான் மறுபடி ரயில் ஏறவில்லை.