ஆட்டோக்ளேவுக்குக் குழாய் போட்ட கதை

போன வாரம்தான் எங்கள் ஆட்டோக்ளேவ், அதாவது அழுத்தமான ஆவியில் கிருமி நீக்கும் மிஷின், குழாய்ச் சிக்கல் எதுவும் இல்லாமல் ஓட ஆரம்பித்தது. மிஷின் வந்து இறங்கி நான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் எங்களை அலைக்கழித்தது மிஷின் இல்லை, அதற்குப் போன குழாயும் அதிலிருந்து வந்த குழாயும்தான். மலையில் திசு வளர்ப்பு லேப் (செடித் துணுக்கிலிருந்து கன்று வளர்க்கும் லேப்) போட நினைக்கிறவர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

லேப் இருப்பது குன்னூரில், சரிவில் கட்டிய பழைய வீட்டின் மேல்தளம். வாங்கியது 250 லிட்டர், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் வைத்தது. அந்தப் பம்ப் ஓடத் தண்ணீர் வேண்டும். கொட்டேஷன், முன்பணம், மூன்று ஃபேஸ் கரண்ட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சப்ளையர் அனுப்பிய வரைபடத்தில் தண்ணீர் உள்ளே போக ஓர் அம்புக்குறி, வெளியே வர ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கோவையிலிருந்து இன்ஜினியர் வந்து மிஷினைப் போட்டார். வேக்குவம் எடுக்க ஆரம்பித்ததும் தண்ணீர் அழுத்தம் குறைவு என்று அலாரம் அடித்து நின்றுவிட்டது. மிஷின் கேட்டது 2 பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டி எங்களுக்கு 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் என்பதால் எங்களுக்குக் கிடைத்தது 0.4. "பூஸ்டர் பம்ப் போட்டுட்டுக் கூப்பிடுங்க மேடம்" என்று சொல்லி அன்றே மலை இறங்கிவிட்டார். அடுத்த தடவை அவர் வர மூன்று வாரம் ஆனது. நவம்பர் மழை, மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு.

பூஸ்டர் போட்டாயிற்று, அலாரம் நின்றது. அப்புறம்தான் பெரிய அடி.

வடிகாலுக்கு எங்கள் பிளம்பர் சாதாரண பிவிசி குழாய்தான் போட்டிருந்தார். "இருபது வருஷமா இதே பைப்தான் மேடம் போடுறேன், ஒண்ணும் ஆவாது" என்றார். ஆனால் 121 டிகிரியில் வெந்த சேம்பர் (மிஷினின் உள்ளறை) காலியாகும்போது வருவது கொதிநீரும் ஆவியும். பிவிசி 60 டிகிரிக்கு மேல் தாங்காது, வெந்நீருக்கென்று வரும் சிபிவிசிகூட 93 வரைதான். மூன்றாவது லோடில் அடுத்த அறை சிங்க்கில் குபுகுபுவென்று சத்தம். போய்ப் பார்த்தால் சிங்க் ஓட்டை வழியாக ஆவி வருகிறது. சிங்க்கும் மிஷினும் ஒரே குழாயில் சேர்ந்திருந்தன. வெளிச்சுவரில் குழாய் இரண்டு கிளாம்புக்கு நடுவே தொட்டில்போலத் தொங்கிக்கொண்டிருந்தது, வளைவில் ஒட்டு விட்டுப்போய் வெந்நீர் கீழ்வீட்டுச் சுவரில் வழிந்தது. அந்த வீட்டுப் பாட்டி மேலே பார்த்து, "பேரன் இப்பத்தான் அந்த இடத்துல விளையாடிட்டு உள்ள வந்தான்மா" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. இப்போது எழுதும்போதும் மனது பதறுகிறது.

அன்றைக்கே மிஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கினோம். இப்போது மிஷினிலிருந்து வெளியே வரும் முதல் 3 மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். அது தரைமட்டத்தில் ஒரு கான்கிரீட் தொட்டியில் விழுகிறது. வெந்நீர் அங்கே ஆறிய பிறகுதான் பிவிசிக்குப் போகும். ஆவி போக மொட்டைமாடிக்கு மேல்வரை ஒரு தனிக் குழாய். சிங்க்குக்கு வேறு வடிகால்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். மிஷின் குழாயை வடிகாலோடு இறுக்கி ஒட்டாதீர்கள். எங்கள் பிளம்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டியிருந்தார். வேக்குவம் எடுக்கும் நேரத்தில் வால்வு ஏதாவது சரியாக மூடாவிட்டால் சாக்கடை நீர் சேம்பருக்குள் ஏறலாம். குழாய் முனைக்குக் கீழே இடைவெளி விட்டு, ஒரு புனலில் தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

தண்ணீர்ச் செலவையும் முன்பே கணக்குப் போடுங்கள். ஒரு லோடுக்கு எவ்வளவு போகிறது என்று கேன் வைத்துப் பிடித்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 300 லிட்டர். பெரும்பகுதி வேக்குவம் பம்ப்புக்கே போகிறது. கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் ஊரில் இது கட்டுபடியாகாது. அதனால் பம்ப் தண்ணீரை வீட்டின் நிழல் பக்கத்தில் வைத்த 500 லிட்டர் தொட்டிக்குத் திருப்பி, மறுபடி பம்ப்புக்கே விட்டோம். சூடான தண்ணீரில் வேக்குவம் சரியாகப் பிடிக்காது. ஆனால் குன்னூர்க் குளிரில் அடுத்த லோடுக்குள் தண்ணீர் தானே ஆறிவிடுகிறது. இப்போது 100 லிட்டருக்கும் குறைவாகவே செலவு. இந்த நான்கு மாதத்தில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம் தந்தது இதுதான். எங்களுடையது செடி லேப், அதனால் செய்தோம். நோய்க்கிருமி கையாளும் லேப்பில் இதைச் செய்யக் கூடாது. ஆர்ஓ தண்ணீர் ஆவி உண்டாக்கும் பாய்லருக்கு மட்டும் போதும், பம்ப்புக்குச் சாதாரணத் தண்ணீரே போதும்.

அழுத்தம் காட்டும் கேஜ் பார்த்து ஓட்டும் பழைய ஆட்டோக்ளேவ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தில் போட்டிருக்கும் 15 பிஎஸ்ஐ கடல்மட்டக் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. இங்கே 15-இல் நிறுத்தினால் 118 டிகிரிதான் வரும். 121 வேண்டுமென்றால் கேஜ் 18 காட்ட வேண்டும். அதற்கு முன் உங்கள் மிஷினின் சேஃப்டி வால்வு அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டி வீட்டுச் சுவரில் வெந்நீர் வழிந்த தடம் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறார்.